சவுண்டு செம... ஆனா பைக் ஏன் ‘மிஸ்’ ஆகுது? பெண்ட் பைப் மாத்தினவங்களுக்கு ஒரு செக்லிஸ்ட்!

சனிக்கிழமை சாயங்காலம். நாலு மாசமா சேர்த்து வெச்ச காசுல, பெண்ட் பைப்ல இருந்து சைலன்சர் வரைக்கும் முழு செட்டையும் மாத்தியாச்சு. கடை வாசல்லயே ரெண்டு முறுக்கு முறுக்கிப் பார்த்தா, சவுண்டு செம! வீடியோ எடுத்து ஸ்டேட்டஸும் வெச்சாச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில கெத்தா கிளம்பினா, மூணாவது கியர்ல ஒரு தயக்கம். பின்னாடி இருந்து யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி ஒரு வெட்டு. சிக்னல்ல நின்னா ஐடிலிங் நிக்கல, பொசுக்குன்னு ஆஃப் ஆகுது.

மெக்கானிக் பாஷையில் இதற்குப் பெயர் ‘மிஸ்ஸிங்’. ஃப்ரெண்ட்ஸ் குரூப்பில் கேட்டால் ஆளுக்கொரு தீர்ப்பு வரும். “ஈசியூ ரீமேப் பண்ணு மச்சி”, “பிளக்கைத் தூக்கிப் போடு”, “பேசாம பழைய சைலன்சரையே மாட்டிடு.” இதில் எது வேண்டுமானாலும் சரியாக இருக்கலாம். ஆனால், பர்ஸைத் திறப்பதற்கு முன்பு உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நேற்றுவரை நன்றாக ஓடிய இன்ஜின் இன்று மிஸ் ஆகிறதென்றால், நடுவில் கை பட்ட இடம் எது? விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மிஸ்ஸிங் என்றால் என்ன?

ஒரு சிலிண்டர் கொண்ட 4 ஸ்ட்ரோக் இன்ஜின், 4,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நிமிடத்துக்கு 2,000 முறை எரிபொருளைப் பற்றவைக்கிறது. அதாவது, நொடிக்கு சுமார் 33 முறை. இதில் ஒன்றிரண்டு முறை பற்றாமல் போனாலே உங்கள் உடம்பு அதை ஒரு வெட்டாக உணரும்.

பற்றுவதற்கு மூன்று விஷயங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். சரியான நேரத்தில் ஸ்பார்க், போதுமான கம்ப்ரஷன், சரியான விகிதத்தில் காற்றும் பெட்ரோலும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. காற்று கூடினால் ‘லீன்’, பெட்ரோல் கூடினால் ‘ரிச்’. இரண்டில் எந்தப் பக்கம் எல்லை மீறினாலும் மிஸ்ஸிங்தான்.

சரி, புகை வெளியே போகிற பைப்பை மாற்றினால் உள்ளே போகிற காற்று எப்படி மாறும்? இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். அந்தக் கண நேரத்தில், வெளியேறும் புகை உள்ளே வரும் காற்றையும் சேர்த்து இழுக்கும். பைப்பின் நீளம், விட்டம், வளைவு மாறினால் இந்த இழுவிசையும் மாறும். ஆக, நீங்கள் மாற்றியது சத்தத்தை மட்டுமல்ல, இன்ஜின் மூச்சுவிடும் விதத்தையும்தான்.

மிஸ்ஸிங்கா, பட்டாசா?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடிக்கிறதா? அது மிஸ்ஸிங்காகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் ஆவி, சூடான பைப்புக்குள் காற்றோடு சேர்ந்து வெடிக்கிற சத்தம் அது. புகையைச் சுத்தமாக்க பல பைக்குகளில் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் வெளிக்காற்றைச் செலுத்தும் ஒரு வால்வு இருக்கும். ஸ்டாக் சைலன்சர் அமுக்கிவைத்திருந்த சத்தத்தை, புது சைலன்சர் ஊருக்கே சொல்லும். ஆனால், இந்த வெடிச்சத்தம் அளவுக்கு மீறி இருந்தால், ஜாயின்ட்டில் லீக் இருக்கலாம்.

ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போதோ, ஒரே வேகத்தில் போகும்போதோ இழுவை விட்டுவிட்டு வந்தால், அதுதான் நிஜமான மிஸ்ஸிங். எப்போது வருகிறது என்று போனில் குறித்துவையுங்கள். குளிர்ந்த இன்ஜினிலா, சூடான பிறகா? ஐடிலிங்கிலா, ஃபுல் த்ராட்டிலிலா? மேடு ஏறும்போது மட்டுமா? மெக்கானிக்கிடம் “ஏதோ மாதிரி இருக்குண்ணா” என்பதைவிட, “சூடான அப்புறம், 4,000 ஆர்பிஎம்முக்கு மேல வெட்டுதுண்ணா” என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

கை பட்ட இடத்தில் தொடங்குங்கள்

இன்ஜின் முழுசாக ஆறட்டும். பெண்ட் பைப்பை மாட்டும்போது கை அங்கே இங்கே பட்டு, பிளக் கேப் லேசாகக் கழன்றிருக்கலாம். அதை அழுத்திப் பாருங்கள். நன்றாக உட்காரும்போது ‘க்ளிக்’ என்று ஒரு பிடிமானம் தெரியும்.

அடுத்து வயர்கள். ஸ்டாக் பைப்பின் மேல் இருந்த ஹீட் ஷீல்டு புதியதில் இல்லாமல் போகலாம், அல்லது புது பைப் கொஞ்சம் உள்வாங்கி வளைந்திருக்கலாம். பிளக் வயரோ, சென்சார் வயரோ பைப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், ரெண்டு ரைடில் உருகிவிடும். உருகின இடத்தில் கரன்ட் பாடியில் இறங்கும், பிளக்குக்கு வராது. சூடான பிறகு மட்டும் மிஸ் ஆகிறதென்றால், இந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்க்காமல் வேறெங்கும் போகாதீர்கள். வேலைக்காகக் கழற்றிய கனெக்டர்கள் எல்லாம் திரும்ப மாட்டப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பொய் சொல்லவைக்கும் சின்ன லீக்

இனி வருவதுதான் பலரைச் சுற்றலில் விடுகிற விஷயம். சிலிண்டர் ஹெட்டும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தில் ஒரு வளைய கேஸ்கெட் இருக்கும். ஒருமுறை இறுக்கினால் நசுங்கி, அந்த இடத்துக்கே பொருந்திவிடுகிற ரகம் அது. அவசரத்தில் பழையதையே திரும்பப் போட்டால் லீக் ஆக வாய்ப்பு அதிகம்.

“புகைதானே வெளிய வருது, அதனால என்ன?” என்று தோன்றும். ஆனால், புகை பைப்பில் தொடர்ச்சியாகப் போவதில்லை. துடிப்பு துடிப்பாகத்தான் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பைப்புக்குள் அழுத்தம் குறையும்போது, அதே ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே நுழையும். அடுத்து உட்கார்ந்திருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், ‘ஆக்ஸிஜன் நிறைய இருக்கு, கலவை லீன்’ என்று ஈசியூவிடம் சொல்லும். ஈசியூவும் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். இன்ஜின் ரிச் ஆகும், பிளக்கில் கரி படியும், ஸ்பார்க் பலவீனமாகும், மிஸ்ஸிங் ஆரம்பிக்கும். பெட்ரோல் பிரச்னை போலத் தெரியும், ஆனால் கோளாறு ஒரு சின்ன வளையத்தில்!

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டாம். ஜாயின்ட்டைச் சுற்றிக் கறுப்பாகக் கரிக்கோடு இருக்கிறதா பாருங்கள். பிறகு, குளிர்ந்த இன்ஜினில் ஜாயின்ட் மேல் சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே செய்து ஸ்டார்ட் பண்ணுங்கள். குமிழ் வந்தால் லீக். திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்த்துவிடும். ஊதுபத்திப் புகையை வைத்து லீக் பார்க்கும் ஐடியாவும் வேண்டாம், பக்கத்திலேயே பெட்ரோல் இருக்கிறது.

லீக் உறுதியானால், புது கேஸ்கெட் போட்டு, இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் பைப் கோணலாக உட்காரும். பலத்தைக் காட்டினால் ஸ்டட் உடையும், அப்புறம் செலவு வேறு லெவல். மேனுவலில் சொன்ன டார்க்தான் அளவு. ஒரு ரைடு முடிந்து ஆறிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

சென்சார் எங்கே பாஸ்?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததிலிருந்து பெரும்பாலான பைக்குகளில் பெண்ட் பைப்பிலோ, ஹெட்டுக்குப் பக்கத்திலோ ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. மலிவான சில பைப்களில் அதை மாட்ட மரையே இருக்காது. “அது இல்லாட்டியும் ஓடும் ப்ரோ” என்று சொல்லி, சென்சாரைக் கழற்றி வெளியே கட்டித் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. வெளிக்காற்றில் தொங்கும் சென்சாரால் புகையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஈசியூ குழம்பும், செக் இன்ஜின் லைட் எரியும், மைலேஜ் விழும்.

இன்னொரு விஷயம். லீக்கை அடைக்க, கையில் கிடைத்த சிலிகான் பேஸ்ட்டை அப்பிவிடுவார்கள். அதிலிருந்து வரும் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரையே கெடுத்துவிடக்கூடும். சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று டியூபில் குறிப்பிட்டிருந்தால் தவிர, அதை எக்ஸாஸ்ட் பக்கம் கொண்டுவராதீர்கள்.

பிளக் சொல்லும் கதை

இப்போது பிளக்கைக் கழற்றலாம். லேசான பழுப்பு நிறம் என்றால் நலம். உலர்ந்த கறுப்புக் கரி என்றால் ரிச். வெள்ளை வெளேரென்று இருந்தால் லீன், இன்ஜின் அதிகம் சூடாகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் ஸ்பார்க் வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால், அது பைப் மாற்றியதால் வந்ததாக இருக்காது. பழைய நோய் இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது.

லீக் இல்லை, வயர் நன்றாக இருக்கிறது, சென்சாரும் அதன் இடத்தில் இருக்கிறது, ஆனாலும் பிளக் வெள்ளையா? அப்போதுதான் எரிபொருள் பக்கம் போக வேண்டும். கார்புரேட்டர் வண்டி என்றால் ஒரு சைஸ் பெரிய ஜெட்டும், ஏர் ஸ்க்ரூ அட்ஜஸ்ட்மென்ட்டும் வழக்கமான மருந்து. ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில், சீரான வேகத்தில் போகும்போது சென்சாரைக் கேட்டு ஈசியூ தானே சரிசெய்துகொள்ளும். ஆனால், ஃபுல் த்ராட்டிலில் பெரும்பாலும் ஏற்கெனவே எழுதிவைத்த கணக்குப்படிதான் பெட்ரோல் போகும். அந்தக் கணக்கு ஸ்டாக் பைப்புக்காக எழுதியது. ரீமேப்போ, ஃப்யூல் கன்ட்ரோலரோ தேவைப்படுவது இங்கேதான். லீக்கை வைத்துக்கொண்டு ரீமேப் செய்வது, கிழிந்த சட்டையை இஸ்திரி போடுவது மாதிரி.

இரட்டை சிலிண்டர் பைக் என்றால் ஒரு சுலப வழி இருக்கிறது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, இரண்டு பைப்களின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பாருங்கள். சூடு தெளிவாகக் குறைந்திருக்கும் பைப்தான் எரியாத சிலிண்டரின் பைப். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். காரில் ஹெடர் மாற்றியவர்களுக்கு ஸ்கேனரே சொல்லிவிடும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்றில்லாமல் மாறி மாறி மிஸ் ஆகிறது.

“அப்படியே ஓட்டினா என்ன?”

ஏற்காடு மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் ஒரு பஸ். கேப் கிடைத்ததும் த்ராட்டிலைத் திருகுகிறீர்கள். பாதி ஓவர்டேக்கில் இன்ஜின் வெட்டுகிறது, எதிரில் ஒரு கார். மிஸ்ஸிங்கின் உண்மையான விலை இதுதான். சரிசெய்யும்வரை ஹைவேயும் வேண்டாம், மலையும் வேண்டாம்.

வண்டிக்கும் அது நல்லதில்லை. எரியாத பெட்ரோல், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அதன் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற அமைப்பு உருகி அடைத்துக்கொள்ளும். லீனாகவே தொடர்ந்து ஓட்டினால் வால்வும் பிஸ்டனும் சூட்டில் அடிவாங்கும். பைப்பில் பிடித்த சத்தம், இன்ஜின் வேலையில் முடியும்.

கடைசியாக, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. சத்தம், புகை வரம்பை மீறினால் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பல பிஎஸ்6 பைக்குகளில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பெண்ட் பைப்பிலேயே இருப்பதால், முழு செட்டையும் மாற்றும்போது அதுவும் போய்விடுகிறது. வாரன்ட்டிக்கும் சிக்கல் வரலாம். எனவே, கழற்றிய ஸ்டாக் செட்டைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள்.

அது பிரச்னையைக் கண்டுபிடிக்கவும் உதவும். மேலே சொன்ன எதிலும் விடை கிடைக்கவில்லையா? புது கேஸ்கெட்டோடு ஸ்டாக் செட்டைத் திரும்ப மாட்டி ஒரு ரவுண்டு போய் வாருங்கள். மிஸ்ஸிங் நின்றுவிட்டால் குற்றவாளி புது பைப். நிற்கவில்லை என்றால், அந்த பைப்பைத் திட்டியதற்கு ஒரு ஸாரி சொல்லிவிட்டு, மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள்!