குடலும் நீரும் உப்பும்

மும்பையின் தாராவி, செம்பூர் முதலிய பகுதிகளில் மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு மிகும்போது, களப்பணியாளரை நோக்கித் தாய்மார் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: “போவதெல்லாம் தண்ணீராக இருக்கும்போது, மேலும் தண்ணீர் கொடுக்கலாமா?” இதற்கு விடையளிக்கச் சிறுகுடலின் தொழிலை அறிதல் வேண்டும்.

வயது வந்த ஒருவரின் குடலில் நாள்தோறும் சுமார் 9 லிட்டர் நீர் சேருகின்றது. இதில் 2 லிட்டர் அளவே உணவாலும் பானத்தாலும் வருவது. எஞ்சியது உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர் போன்ற உடலின் சுரப்புகளாகும். ஏறக்குறைய முழுவதையும் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றது. மலத்துடன் கழிவது பொதுவாக 200 மில்லிலிட்டருக்கு மிகாது.

உப்பு செல்லும் திசையிலேயே நீரும் செல்லும். குடலுறிஞ்சிகளின் உயிரணுக்கள் சோடியத்தை ஈர்க்கும்போது நீர் உடலுக்குள் புகுகின்றது. அவற்றின் அடியிலுள்ள நுண்குழிகளின் உயிரணுக்கள் குளோரைடைச் சுரக்கும்போது சோடியமும் நீரும் குடலுக்குள் வடிகின்றன. நலமுள்ள உடலில் உறிஞ்சுதலே மேலோங்கி நிற்கும்.

காலரா இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. மாதுங்காவுக்குத் தெற்கே, பரேலிலுள்ள ஹாஃப்கின் நிலையத்தில், தத்தாவும் ஹப்புவும் முயற்குட்டிகளிடம் இந்நோயை உண்டாக்கிக் காட்டினர் (1955). கிருமியின்றி, அதன் நச்சே நோயை விளைவிக்கும் என்பது 1959-இல் அந்நிலையத்திலும், கல்கத்தாவில் சம்புநாத் தே அவர்களின் ஆய்விலும் புலனாயிற்று. அந்நச்சு குளோரைடுச் சுரப்பை ஓயாமல் தூண்டுகின்றது. உப்பு உறிஞ்சப்படும் வழக்கமான வழியையும் தடுக்கின்றது. எனினும் குடற்சுவரை அது அழிப்பதில்லை.

மற்றொரு வழி திறந்தே இருக்கின்றது. குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து வந்தால், குடல் அவ்விரண்டையும் ஒருங்கே ஏற்கும் என்று 1960-இல் இராபர்ட் கிரேன் விளக்கினார். அவற்றுடன் நீரும் உட்செல்லும். உப்புச் சர்க்கரைக் கரைசலின் அடிப்படை இதுவே. 1971-இல் வங்காள எல்லையில், பொங்காவ் அகதிகளிடையே டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதனைப் பெருமளவில் வழங்கினார். அங்குச் சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிற்று.

ஆகவே தாய்மாருக்குத் தெளிவாகக் கூறவேண்டியது இது: கரைசல் போக்கை உடனே நிறுத்தாது, இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும். போக்கு நிற்கவில்லையென்று கரைசலை நிறுத்துவதே ஆபத்து. உறையில் குறித்த அளவு நீரிலேயே பொடி முழுவதையும் கரைத்தல் வேண்டும். உறை கிட்டாவிடில், 1 லிட்டர் தூய நீரில் 6 மட்டமான தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்க்கலாம். சர்க்கரை மிகுந்தால் குடல் மேலும் நீரை இழுக்கும். உப்பு மிகுந்தால் குழந்தையின் உயிருக்கே தீங்காகும். தாய்ப்பாலை நிறுத்துதல் கூடாது. குழந்தை சோர்ந்து மயங்கினாலும், பருக இயலாவிடினும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதமின்றி மருத்துவமனை சேர்ப்பித்தல் வேண்டும்.