அவசரப்பட்டால் நட்டு போகும். அசட்டையாக இருந்தால் உயிர் போகும்!

ஹௌரா நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு வந்திறங்கிய தமிழர்களை லேக் மார்க்கெட் வரை கொண்டு சேர்த்த மஞ்சள் அம்பாசடர் டாக்சியை யாரும் மறந்திருக்க முடியாது. உத்தரபாராவிலுள்ள ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை, பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி, 1950களின் பிற்பகுதியில் தயாரிக்கத் தொடங்கிய வண்டி அது. 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுவிட்டது. இன்று எஞ்சியிருப்பவை எல்லாம் வயதான வண்டிகளே.

வயதான வண்டியில் முதலில் கவனிக்க வேண்டியது பிரேக் குழாய். பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. மெல்லிய எஃகுக் குழாய்கள் அந்த அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கின்றன. ஆரம்பகால அம்பாசடர்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பாதைதான். எங்காவது ஓரிடத்தில் கசிந்தால் போதும், பெடல் தரையைத் தொடும்; வண்டி நிற்காது.

கொல்கத்தாவின் மழைக்காலம் இந்தக் குழாய்களுக்குப் பெரும் பகை. தெருவில் தேங்கும் தண்ணீரிலும் சேற்றிலும் வண்டியின் அடிப்பாகம் ஊறி, குழாயையும் நட்டையும் துரு ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. பின் அச்சின் மேலுள்ள மூன்று முனை இணைப்பு போன்ற இடங்களில் கையே நுழைவது கடினம். ஸ்பானரைத் திருப்புவது அதைவிடக் கடினம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பழைய வண்டிகளின் நட்டுகள் அங்குல அளவில் செய்யப்பட்டவை. கிட்டத்தட்டப் பொருந்தும் மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டி இழுத்தால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். குழாய் நுழைய ஓர் இடைவெளி விட்ட ரிங் ஸ்பானர் இதற்கென்றே உண்டு. அது நட்டைச் சுற்றிலும் பிடிக்கும். அது நுழையாத மூலையில், வாய் திறந்த ஸ்பானரைச் சிறிது திருப்பி எடுத்து, தலைகீழாகப் புரட்டி மாட்டினால், குறுகிய இடத்திலும் நட்டு கொஞ்சம் கொஞ்சமாக நகரும்.

அதற்கு முன், கம்பி பிரஷ்ஷால் அழுக்கை நீக்கி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சில மணி நேரம் ஊற விட வேண்டும். ரப்பர் ஹோஸ் சேருமிடத்தில் ஒரு ஸ்பானரால் ஹோஸின் முனையைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டைத் திருப்ப வேண்டும். நட்டோடு குழாயும் சேர்ந்து முறுக்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். முறுக்கிய குழாய் வெளிப்பார்வைக்கு நன்றாகவே தெரியும். ஆனால் உள்ளே பலம் குறைந்து, என்றோ ஒரு நாள் அவசரமாகப் பெடலை மிதிக்கும்போது வெடித்துவிடும்.

குழாயை எப்படியும் மாற்றத்தான் போகிறோம் என்றால், அதை நட்டை ஒட்டி அறுத்துவிட்டு, ஆறுமுக சாக்கெட்டை மாட்டிக் கழற்றுவதே எளிது. நெருப்பு காட்டிச் சூடேற்றுவது ஆபத்து. பிரேக் ஆயில் தீப்பிடிக்கக் கூடியது.

மல்லிக் பஜாரில் பழைய உதிரிபாகங்கள் மலிவாகக் கிடைக்கும். கதவுக் கைப்பிடி வாங்கலாம். பழைய பிரேக் குழாய் வாங்கக் கூடாது. வளைக்கச் சுலபம் என்று வெறும் செப்புக் குழாய் போடுவதும் தவறு. நாளடைவில் அதிர்வில் அது விரிசல் விடும்.

கழற்றிய முனைகளை உடனே மூடி வைக்க வேண்டும்; பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வேலை முடிந்ததும் குழாய்க்குள் புகுந்த காற்றை முழுதும் வெளியேற்றி, உதவியாள் பெடலை அழுத்திப் பிடித்திருக்க, ஒவ்வொரு இணைப்பையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டுக் கசிந்தாலும் வண்டி தெருவில் இறங்கக் கூடாது.

மெக்கானிக் இரண்டு நாள் கேட்டால் வண்டிக்காரருக்கு இரண்டு நாள் வருமானம் போகும், உண்மைதான். ஆனாலும் அந்த இரண்டு நாளைக் கொடுப்பதே நல்லது. பின் சீட்டில் அமர்பவருக்கு நட்டும் தெரியாது, குழாயும் தெரியாது; வண்டி நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் அவர் ஏறுகிறார்.