காற்றுண்ணும் இயந்திரம் – 9: எந்த அளவு டர்போ?

சென்ற வாரம் இன்டர்கூலரோடு நின்றோம். காற்றை அழுத்தினால் சூடேறும், சூடேறினால் அடர்த்தி குறையும் என்பது தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். மேலே போகலாம்.

டர்போ மாட்ட ஆசைப்படுபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, ‘எத்தனை குதிரைத்திறன் கிடைக்கும்?’ என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் இன்ஜின் எந்த ஆர்.பி.எம்.மில் அதிக நேரம் ஓடுகிறது? லஸ் கார்னரில் கிளம்பி, மந்தைவெளி தாண்டி, அடையாறு பாலம் ஏறும்வரை ஒரு பெட்ரோல் கார் 2,500 ஆர்.பி.எம்.மைத் தாண்டுவதே அபூர்வம். மாலையில் பனகல் பார்க் பக்கம் அதுகூடக் கிடையாது. அந்தச் சுற்றில் வெளிவரும் புகைக்குப் பெரிய டர்பைனைச் சுழற்றும் தெம்பு இல்லை. அங்கே பெரிய டர்போ வெறும் சுமைதான்.

பந்தயப் பாதைக்குப் போய்விட்டால் கதையே வேறு என்பார்கள். அவ்வளவு வேறில்லை. மந்தைவெளி நண்பர் ஒருவர் இருங்காட்டுக்கோட்டைப் பாதையில் ஓட்டுவதற்கென்றே 1,600 சி.சி. கார் ஒன்றைத் தயார் செய்தார். கிடைத்ததிலேயே பெரிய டர்போவைப் பூட்டினார். 4,500 ஆர்.பி.எம்.முக்கு மேல்தான் அது விழித்தது. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு மொத்த விசையும் ஒரே நேரத்தில் வந்து முன்சக்கரங்களை வழுக்கிவிடும். அந்தப் பாதை 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். அத்தனை வளைவிலும் இதே பாடு. ஒரு சுற்று சிறிய டர்போவுக்கு மாறினார். உச்சத் திறன் குறைந்தது, கார் வேகமாகச் சுற்றி வந்தது.

இதைத் துருவிக்கொண்டிருந்தபோதுதான் ரெனோவின் 1979 கதையில் மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்லாமல் இந்த வாரத்தை முடிக்க மனம் வரவில்லை.

1977 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு ரெனோ முதன்முதலாக ஒரு டர்போ காரைக் கொண்டுவந்தது. மற்றவர்களுக்கு 3 லிட்டர் இன்ஜின் அனுமதி. டர்போ என்றால் 1.5 லிட்டர்தான். அந்தப் பந்தயத்தில் டர்போ பழுதாகி கார் பாதியிலேயே நின்றது. நிற்கும்போதெல்லாம் புகைவிட்டதால் மஞ்சள் தேநீர்க் கெண்டி என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். பழுதைவிடப் பெரிய தொல்லை தாமதம். ஒரே ஒரு பெரிய டர்போ. மிதித்த பிறகு அது சுழன்று எழுவதற்குள் வளைவு முடிந்துவிடும். 1979 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் ரெனோ முதலிடத்திலிருந்து புறப்பட்டது உண்மை. ஆனால் அது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள இடம். மெல்லிய காற்றில் மற்ற இன்ஜின்கள் திணறியபோது டர்போவுக்கு அந்தச் சிரமம் குறைவு.

தீர்வு மே மாதம் மொனாக்கோவில் வந்தது. ஒரு பெரிய டர்போவைக் கழற்றிவிட்டு, இன்ஜினின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய டர்போக்களைப் பொருத்தினார்கள். ஜூலை 1 அன்று பிரான்ஸின் டீஜோனில் ழான்-பியர் ழபூய் வென்றார். ஃபார்முலா ஒன்னில் டர்போ காரின் முதல் வெற்றி அது.

அந்தச் சிறிய டர்போக்கள் ஜெர்மனியின் ஃபிராங்கென்தால் ஊரைச் சேர்ந்த கே.கே.கே. நிறுவனத்தின் தயாரிப்பு. அதே கே.கே.கே.யின் தொழில்நுட்பத்தோடு, பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் ஃபைனான்ஸும் பங்கு சேர்ந்து 1982இல் தொடங்கிய நிறுவனம்தான் நம் டர்போ எனர்ஜி. அலுவலகம் சேமியர்ஸ் ரோட்டில். தொழிற்சாலைகள் புலிவலத்திலும் பையனூரிலும். மொனாக்கோவில் ரெனோவின் தலையெழுத்தை மாற்றிய கம்பெனிக்கும் மயிலாப்பூரிலிருந்து ஆட்டோ ஏறினால் சில நிமிடத்தில் போய்விடக்கூடிய ஒரு முகவரிக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதை அறிந்த நாள் முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஒன்றுக்குப் பதில் இரண்டு சிறியவை ஏன் வென்றன? சுழலும் சக்கரத்தின் மந்தத்தன்மை அதன் விட்டத்தின் ஐந்தாம் மடியில் ஏறும். ஒரே வடிவம், ஒரே உலோகம், இரண்டு மடங்கு விட்டம் என்றால் மந்தம் 32 மடங்கு. பெரிய சக்கரத்தின் வேலையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொன்றின் விட்டமும் சுமார் 0.7 பங்கு போதும். இரண்டின் மந்தத்தையும் கூட்டினாலும் பழையதில் 35 சதவீதம்தான். சிறியவை இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருப்பதால் லாபம் முழுதாகக் கைக்கு வராது. தேவைப்படும் ஆற்றல் 70 சதவீதமாகக் குறையும். ஆனால் மில்லிமீட்டர் கணக்கில் விட்டத்தைக் கூட்டும்போது எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்பது இதிலிருந்து புரியும். கேரெட் ஜி.டி.2860 என்ற டர்போவின் பெயரில் கடைசி இரண்டு எண்கள் கம்ப்ரஸர் சக்கரத்தின் வெளிவிட்டம், 60 மி.மீ. கடையில் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி நம் கணக்கு. 1.6 லிட்டர் இன்ஜின், 6,500 ஆர்.பி.எம். இரண்டு சுற்றுக்கு ஒரு மூச்சு. ஆக நிமிடத்துக்கு 5,200 லிட்டர். 90 சதவீதம்தான் நிரம்பும் என்று வைத்தால் 4,680. சென்னையின் 35 டிகிரியில் அது சுமார் 5.4 கிலோ காற்று. டர்போ அழுத்தத்தை இரட்டிப்பாக்கி, இன்டர்கூலர் 60 டிகிரிக்குத் தணித்தால் ஏறக்குறைய 10 கிலோ, அதாவது 22 பவுண்டு. நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்றுக்குச் சுமார் 10 குதிரைத்திறன் என்பது பட்டறைக் கணக்கு. 220 கிடைக்கும். இந்த இன்ஜினுக்கு 40 பவுண்டு தள்ளும் டர்போவை வாங்குவது பணத்தை வீணடிப்பது. வெளிநாட்டு அட்டவணைகளை அப்படியே நம்பவும் கூடாது: 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு வந்தால் காற்றின் அடர்த்தி 8 சதவீதம் குறைந்துவிடும். மே மாதத்து அடையாறில் அதுதான் நிலவரம்.

டர்பைன் கூட்டின் ஏ/ஆர் எண்ணும் முக்கியம்: புகை பாயும் வழியின் பரப்பை, சக்கர மையத்திலிருந்து அதன் தூரத்தால் வகுத்தால் வருவது. தோட்டக் குழாயின் நுனியை விரலால் அடைத்தால் நீர் பீறிடுவதுபோல், சிறிய ஏ/ஆர் புகையை வேகமாகச் சக்கரத்தில் பாய்ச்சும், மேல் ஆர்.பி.எம்.மில் அதே குறுகல் இன்ஜினின் மூச்சை அடைக்கும்.

கார் கம்பெனிகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். ஹூண்டாய் தயாரிக்கும் வென்யூவின் 1 லிட்டர் டர்போ, 1,500 ஆர்.பி.எம்.மிலேயே தன் முழு 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தந்துவிடும். சின்ன டர்போ. நகரத்துக்கு அதுவே சரி.

கம்ப்ரஸர் வரைபடத்தை, அதன் சர்ஜ் கோட்டை இந்த வாரமே விளக்குவதாகச் சொல்லியிருந்தேன். ரெனோ இடத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் வேறு எதுவும் இல்லாமல் அதுதான்.

அதற்குள் யாரும் சாலையில் ஓடும் காரைப் பிரிக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் வடிவமைப்பை மாற்ற அனுமதிப்பதில்லை. இந்தக் கணக்கெல்லாம் பந்தயப் பாதைக்கு. உங்கள் இன்ஜினின் கொள்ளளவு, அதிகபட்ச ஆர்.பி.எம்., நீங்கள் விரும்பும் அழுத்தம் மூன்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். வரைபடத்தில் புள்ளி வைக்க அவை வேண்டும்.