பெட்டியில் இருக்கும் எச்டிஆர், படத்தில் எங்கே?

சாம்சங்கின் எந்த டிவியிலும் இதுவரை டால்பி விஷன் என்ற எச்டிஆர் (கூடுதல் வெளிச்ச வீச்சு) ஃபார்மட் கிடையாது. லட்சக்கணக்கில் விலை சொல்லும் மாடலாக இருந்தாலும் இதே கதைதான். ஆனால், அந்த டிவியின் முதுகில் செருகும் சில ஆயிரம் ரூபாய் ஃபயர் டிவி ஸ்டிக் 4கே-யில் டால்பி விஷன் உண்டு. இரண்டையும் இணைத்தால் டால்பி விஷன் வருமா? வராது. எல்ஜி, சோனி பக்கம் போனால் கதை தலைகீழ். அவர்கள் நெடுங்காலமாக டால்பி விஷன் முகாமில் இருப்பவர்கள். அதற்குப் போட்டியாகச் சாம்சங் தூக்கிப் பிடிக்கும் எச்டிஆர்10 ப்ளஸ்ஸை அவர்கள் கண்டுகொள்வதில்லை. டிசிஎல், ஹைசென்ஸ் போன்ற கம்பெனிகள் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் பல மாடல்களில் இரண்டையும் தருகின்றன.

இந்தச் சண்டையில் அடிபடுவது வாங்குபவர்தான். புது 4கே டிவி, புது ஸ்டிக், ஓடிடி சந்தா எல்லாம் கைவசம். பெட்டியின் மேல் எச்டிஆர் என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. படத்தைப் போட்டால் இரவுக் காட்சியில் ஆள் முகமே தெரியவில்லை. அல்லது எல்லாம் பால் கலந்ததுபோல் வெளுத்துக் கிடக்கிறது. டிவி சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். பெரும்பாலும் பழுது எதிலும் இருக்காது. எச்டிஆர் என்பது ஊர் கூடி இழுக்கும் தேர். படம், ஆப், ஸ்டிக், கேபிள், டிவி ஐந்தும் ஒரே ஃபார்மட்டுக்கு ஒத்துக்கொண்டால்தான் அது நகரும்.

நூறு நிட்டில் இருந்து பத்தாயிரத்துக்கு

திரையின் வெளிச்சத்தை ‘நிட்’ கணக்கில் சொல்வார்கள். பழைய பிக்சர் டியூப் காலத்து வழக்கப்படி, சாதாரண வீடியோவைச் சுமார் 100 நிட்டை உச்சமாக வைத்துத்தான் ஸ்டுடியோவில் வண்ணம் சேர்த்து முடிப்பார்கள். எச்டிஆரில் அந்த உச்சம் பெரும்பாலும் 1,000 நிட், சில படங்களுக்கு 4,000 நிட். இதற்கு அடித்தளம் போட்டது டால்பி ஆய்வுக்கூடத்தில் உருவான ‘பிக்யூ’ என்ற கணக்குமுறை. 2014-ல் தரநிலையாக ஏற்கப்பட்ட இது 10,000 நிட் வரை கணக்கு வைத்திருக்கிறது. சாதாரண வீடியோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 10 பிட் எச்டிஆரில் 1,024 படிகள். மாலை வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியாமல் இழைந்து மாறுவது இதனால்தான்.

நான்கு கட்சிகள்

டால்பி விஷன் 2014-ல் அறிமுகமானது. அதற்கு டால்பி உரிமக் கட்டணம் வாங்குகிறது. கட்டணமில்லாத பொது ஃபார்மட்டாக 2015-ல் எச்டிஆர்10 வந்தது. இன்று எச்டிஆர் என்று சொல்லும் எந்த டிவியிலும் இது இருக்கும். 2017 ஏப்ரலில் சாம்சங்கும் அமேசானும் சேர்ந்து எச்டிஆர்10 ப்ளஸ்ஸை அறிவித்தன. பிபிசியும் ஜப்பானின் என்எச்கே-யும் உருவாக்கிய எச்எல்ஜி நான்காவது. நேரடி ஒளிபரப்புக்கு என்றே செய்தது. பழைய டிவியிலும் அதே சிக்னல் பார்க்கும்படி தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இவற்றுக்குள் என்ன வித்தியாசம்? ஒரு படத்தின் உச்ச வெளிச்சம் 1,000 நிட். உங்கள் டிவியின் சக்தி 400 நிட்தான். மிச்சத்தை எங்காவது அமுக்கியாக வேண்டும். எச்டிஆர்10 படம் முழுமைக்கும் ஒரே ஒரு குறிப்பைத்தான் அனுப்புகிறது: ‘உச்சம் இவ்வளவு.’ அதை நம்பி டிவி படம் முழுக்க ஒரே மாதிரி அமுக்கினால், ஒற்றை விளக்கு எரியும் அறைக் காட்சியும் மாட்டிக்கொள்கிறது. அந்தக் காட்சியின் உச்சமே 150 நிட்தான். அதை அமுக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் இருட்டிவிடுகிறது. டால்பி விஷனும் எச்டிஆர்10 ப்ளஸ்ஸும் காட்சிக்குக் காட்சி, தேவைப்பட்டால் ஃபிரேமுக்கு ஃபிரேம், தனிக் குறிப்பு அனுப்புகின்றன. வெயில் காட்சியில் அமுக்கு, விளக்குக் காட்சியை அப்படியே விடு என்று டிவிக்குத் தெரிந்துவிடும். வெளிச்சம் குறைந்த டிவியில்தான் இந்த உதவி அதிகம் தேவைப்படும்.

கேபிளுக்குள் ஒரு பேச்சுவார்த்தை

ஸ்டிக்கைச் செருகியதும் முதலில் பேசுவது டிவிதான். தனக்கு எந்த ரெசல்யூஷன் வரும், எந்தெந்த எச்டிஆர் வரும் என்று எச்டிஎம்ஐ வழியாக ஒரு பட்டியலை அது ஸ்டிக்கிடம் நீட்டுகிறது. பட்டியலில் டால்பி விஷன் இல்லையென்றால், ஸ்டிக்கும் ஆப்பும் அடுத்த வழியைத் தேடுகின்றன. ஓடிடி நிறுவனங்கள் ஒரே படத்துக்குப் பல பதிப்புகள் வைத்திருப்பதால் எச்டிஆர்10 பதிப்பு வந்துவிடும். பார்ப்பவருக்கு இந்த மாற்றம் தெரியாது. திரை ஒன்றிரண்டு நொடி கறுத்து மீண்டால், ஒப்பந்தம் முடிந்து டிவி எச்டிஆருக்கு மாறுகிறது என்று அர்த்தம்.

இந்தப் பேச்சுவார்த்தை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஸ்ட்ரீமிங்குக்குப் பயன்படும் டால்பி விஷன் ‘புரொஃபைல் 5’ ஃபைலை, அந்த வசதி இல்லாத பிளேயரில் ஓட்டினால் முகங்கள் பச்சையும் ஊதாவுமாகத் தெரியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. அதன் நிறக்கணக்கே வேறு. உள்ளே எச்டிஆர்10 அடித்தளம் கிடையாது. அதே டால்பி விஷன் பெயரில் 2020-ல் வந்த ஐபோன் 12 எடுக்கும் வீடியோ வேறு வகை. அதன் அடித்தளம் எச்எல்ஜி. டால்பி விஷன் தெரியாத டிவி அதை எச்எல்ஜியாக எடுத்துக்கொள்ள முடியும். ஆக, பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றல்ல.

எங்கே மாட்டுகிறது?

முதல் இடம், எச்டிஎம்ஐ போர்ட். பழைய கருவிகள் குழம்பக் கூடாது என்று பல டிவிகளில் போர்ட்டின் முழு வேகத்தை மூடியே வைத்திருப்பார்கள். திறக்கும் செட்டிங்குக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் சூட்டியிருக்கிறது: சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் ப்ளஸ்’, எல்ஜியில் ‘டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’. இது அணைந்திருந்தால், டிவி நீட்டும் பட்டியலிலேயே எச்டிஆர் இருக்காது; ஸ்டிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கேபிளும் 18 ஜிகாபிட் தாங்குவதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்டிக்கின் அவுட்புட் செட்டிங். மெனு, செய்தி, பழைய படம் என்று எல்லாவற்றையும் எச்டிஆராக மாற்றி அனுப்பும்படி வைத்துவிட்டால், எச்டிஆரே இல்லாத நிகழ்ச்சிகள் வெளுத்தோ, சிவப்பு தூக்கலாகவோ தெரியும். வெளுப்புப் புகார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஃபயர் டிவியில் டைனமிக் ரேஞ்ச் செட்டிங்கில் ‘ஆல்வேஸ் எச்டிஆர்’ என்று இருந்தால் ‘அடாப்டிவ்’ ஆக்குங்கள். ஆப்பிள் டிவி 4கே-யில் ஃபார்மட்டை 4கே எஸ்டிஆரில், அதாவது சாதாரண வீடியோவில், வைத்து, ‘மேட்ச் கன்டென்ட்’ பகுதியில் டைனமிக் ரேஞ்சையும் ஃபிரேம் ரேட்டையும் ஆன் செய்யுங்கள். 2017-ல் முதல் ஆப்பிள் டிவி 4கே வந்தபோது இந்த வசதி இல்லை. பயனர்கள் முணுமுணுத்த பிறகு அதே ஆண்டு டிசம்பர் அப்டேட்டில் சேர்த்தார்கள்.

மூன்றாவது, நடுவில் இருக்கும் ரிசீவர் அல்லது சவுண்ட்பார். ஸ்டிக்கை அதில் செருகி, அங்கிருந்து டிவிக்குக் கேபிள் போனால், டிவியின் பட்டியல் அதன் வழியாகத்தான் ஸ்டிக்குக்கு வரும். பழைய ரிசீவர் தனக்குத் தெரியாததைக் கழித்துவிட்டுத்தான் சொல்லும். ஸ்டிக்கை நேரே டிவியில் செருகி, ஒலியை மட்டும் ஏஆர்சி போர்ட் வழியாக வெளியே எடுத்தால் பிரச்னை தீரும்.

நான்காவது, சந்தா. இந்தியாவில் நெட்ஃப்ளிக்ஸின் 4கே எச்டிஆர், மாதம் 649 ரூபாய் பிரீமியம் திட்டத்தில்தான். அதற்குக் குறைந்த திட்டத்தில் இருப்பவர் எந்த செட்டிங்கைத் திருகினாலும் பலன் இல்லை.

யார் பக்கம் சாய்வது?

ஓடிடி பக்கம் நெட்ஃப்ளிக்ஸ் பல ஆண்டுகள் டால்பி விஷனும் எச்டிஆர்10-ம் மட்டுமே தந்தது. சாம்சங் வைத்திருந்தவர்களுக்கு அங்கே காட்சிக்குக் காட்சி மாறும் எச்டிஆர் கிடைக்கவில்லை. 2025 மார்ச்சில் எச்டிஆர்10 ப்ளஸ்ஸையும் தர ஆரம்பித்தது. ஆனால் ஏவி1 என்ற வீடியோ சுருக்கும் முறையில் (கோடெக்) மட்டும். டிவியோ ஸ்டிக்கோ அதைப் படிக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். ஆப்பிள் டிவி 4கே-யும் 2022 மாடலில் எச்டிஆர்10 ப்ளஸ்ஸைச் சேர்த்துக்கொண்டது. ஒரு கம்பெனி இறங்கிவரும்போது இன்னொன்று ஏறுகிறது: 2025-ல் டால்பி, விஷன் 2 என்ற அடுத்த தலைமுறையை அறிவித்திருக்கிறது. லோகோக்கள் இன்னும் கூடும்.

ஆகவே டிவி வாங்கப் போகிறவர் லோகோக்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். விலை குறைந்த 4கே டிவிகளில் பலவற்றின் உச்ச வெளிச்சம் 300 நிட்டைச் சுற்றித்தான் இருக்கும். அவையும் பெட்டியில் எச்டிஆர் என்று எழுதலாம், டால்பி விஷன் லோகோவும் ஒட்டலாம். சிக்னலைப் புரிந்துகொள்ளும் என்பதற்கு அது சான்று. காட்டும் என்பதற்கு அல்ல. கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: உச்ச வெளிச்சம் எத்தனை நிட்? எல்சிடி திரை என்றால் லோக்கல் டிம்மிங், அதாவது பின்விளக்கைப் பகுதி பகுதியாகக் குறைக்கும் வசதி, இருக்கிறதா? வெளிச்சமான டிவியில் எச்டிஆர்10 மட்டும் ஓடினாலும், மங்கலான டிவியில் ஓடும் டால்பி விஷனைவிட அது நன்றாகத்தான் இருக்கும்.

ஏற்கெனவே டிவி வாங்கியவர் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். ஃபார்மட் பொருந்தவில்லை என்பதற்காக டிவியை மாற்றத் தேவையில்லை. ஸ்டிக்கை மாற்றவும் அவசரம் இல்லை. போர்ட்டைத் திறந்து, ஸ்டிக்கை ‘அடாப்டிவ்’ அல்லது ‘மேட்ச்’ நிலையில் வையுங்கள். எச்டிஆர் படம் ஒன்றை ஓட்டி, ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்திப் பாருங்கள். எச்டிஆர் என்று அங்கே வந்தால் உங்கள் டிவிக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. அதன் பிறகும் படம் இருட்டாக இருந்தால் அறை விளக்கை அணையுங்கள். புது லோகோவுக்குக் காசு எடுத்துவைக்காதீர்கள்.