புராஸ்டேட் வீக்கமும் லேசர் சிகிச்சையும்

வயது 60ஐக் கடந்த ஆண்களிடையே ஒரு தொல்லை பரவலாகக் காணப்படுகிறது. இரவில் மூன்று நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது. முயன்றால் உடனே வருவதில்லை. வந்தாலும் தாரை மெலிந்து விட்டு விட்டு வருகிறது. வெட்கத்தினாலோ, முதுமையின் இயல்பு என்ற எண்ணத்தினாலோ பலர் இதனை வெளியே சொல்வதில்லை. ஒரு நாள் சிறுநீர் அடியோடு நின்று, அடிவயிறு உப்பி, பொறுக்க முடியாத வலியுடன் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும்போதுதான் வீட்டாருக்கு விஷயம் தெரிகிறது.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய பகுதிகளிலிருந்து வைத்தியத்திற்காகப் பெங்களூரு செல்வோர் பலர். அங்கே அவர்கள் காதில் முதலில் விழும் சொல் ‘லேசர்’ என்பது. மாத்திரையோடு நிற்பதா, பழைய அறுவைச் சிகிச்சையே போதுமா, கடன் வாங்கியேனும் லேசர் செய்துகொள்வதா என்ற கேள்வி பெரும்பாலும் ஊரிலுள்ள ஆசிரியரிடமும் சுகாதார ஊழியரிடமுமே வருகிறது. ஒவ்வொரு முறையின் தன்மையையும் அவர்கள் அறிந்திருப்பது அவசியம்.

சுரப்பியின் இயல்பு

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்து அமைந்துள்ளது. இளம் வயதில் அதன் எடை சுமார் 20 கிராம். வயது ஏற ஏற அது பெருக்கிறது. 80 வயதைத் தாண்டியவர்களில் பத்துக்கு எட்டுப் பேரிடமேனும் இம்மாறுதலைக் காணலாம். இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆயினும் இரண்டும் ஒருவரிடமே இருக்கக்கூடும். ஆதலின் டாக்டர் விரலால் சோதிப்பதையும், பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையையும் தவிர்க்கலாகாது.

சுரப்பியின் பருமனும் நோயாளி படும் துன்பமும் ஒரே அளவில் இருப்பதில்லை. எனவே துன்பத்தை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் உலகெங்கும் வழங்குகிறது. மொத்த மதிப்பெண் 35. அதில் 7 வரை இலேசானது. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20க்கு மேல் கடுமையானது. இலேசானதாயின், இரவில் நீரும் காப்பியும் குறைத்து, ஆண்டுக்கொரு முறை சோதித்துக்கொண்டாலே போதும்.

மாத்திரைகள்

மாத்திரைகள் இரு வகை. டாம்சுலோசின் போன்றவை சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசைகளைத் தளர்த்துகின்றன. சில நாட்களிலேயே பலன் தெரியும். ஃபினாஸ்டரைடு போன்றவை சுரப்பியையே சுருக்குகின்றன. பலன் தெரிய ஆறு மாதமேனும் ஆகும். அமெரிக்காவில் சுமார் 3,000 பேரிடம் நடத்தி 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது நோய் முற்றும் அபாயம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. டாம்சுலோசின் உண்பவர் கண்புரை அறுவைச் சிகிச்சைக்குச் சென்றால் அதனைக் கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கண்ணின் கருவிழித்திரை தளர்ந்து சிகிச்சைக்கு இடையூறு நேரலாம். ஃபினாஸ்டரைடு பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். இதை அறியாத டாக்டர் புற்றுநோயின் அறிகுறியைக் கவனியாது விடக்கூடும்.

அறுவைச் சிகிச்சையின் வரலாறு

இந்திய மருத்துவப் பணியில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் இருந்து லண்டன் திரும்பிய பீட்டர் ஃப்ரேயர் என்பவர், 1900ஆம் ஆண்டில் அடிவயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பையின் வழியாகப் புராஸ்டேட்டை விரலால் குடைந்தெடுத்தார். அம்முறை அவரால் புகழ் பெற்றது. பெங்களூரு விக்டோரியா மருத்துவமனை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

பின்னர், வயிற்றைத் திறக்காமல் சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியைச் செலுத்தி, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் சுரப்பியைச் சீவி எடுக்கும் முறை வந்தது. இது டி.யூ.ஆர்.பி. எனப்படும். எல்லா முறைகளையும் இன்றும் இதனோடு ஒப்பிட்டே மதிப்பிடுகின்றனர். இரத்தப்போக்கும், கழுவும் திரவம் இரத்தத்தில் கலந்து உப்புச்சத்தைக் குறைத்துவிடுவதும் இதன் பழைய குறைகள். உப்பு நீரிலேயே இயங்கும் இருமுனை மின்கருவிகள் இரண்டாவது குறையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டன.

லேசர் செய்வது என்ன?

லேசர் என்பது ஒரே அலைநீளம் கொண்ட செறிவான ஒளி. புராஸ்டேட் சிகிச்சையில் அது இரு விதமாகப் பயன்படுகிறது. பச்சை லேசர் ஒளியை இரத்தத்தின் சிவப்புப் பொருள் உறிஞ்சிக்கொள்கிறது, திசு ஆவியாகிறது. ஹோல்மியம் லேசரை நீர் உறிஞ்சுகிறது; அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழமே பாய்கிறது. அதைக் கொண்டு, பலாச்சுளையை எடுப்பதுபோல், பெருத்த பகுதியை மேலுறையிலிருந்து பிரித்துச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அரைத்து வெளியே எடுக்கின்றனர். 1990களில் நியூசிலாந்தில் உருவான இம்முறைக்கு ஹோலெப் என்று பெயர். எடுத்த திசுவை நுண்ணோக்கியில் சோதிக்கலாம். ஆவியாக்கும் முறையில் அதற்கு வழியில்லை.

எடை போட்டுப் பார்த்தால்

இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்ணும் இருதய நோயாளிகளுக்கு லேசர் மெய்யான நன்மை தருகிறது. சுரப்பி 80 கிராமுக்கு மேல் பெருத்தவர்களுக்கு ஹோலெப், வயிற்றைத் திறக்க வேண்டிய தேவையை நீக்குகிறது.

நடுத்தர அளவுள்ள சுரப்பிக்கோ வேற்றுமை சிறிது. பிரிட்டனில் 410 நோயாளிகளிடம் துலியம் லேசரையும் டி.யூ.ஆர்.பி. முறையையும் ஒப்பிட்டு 2020ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். துன்பம் குறைந்த அளவு இரண்டிலும் சமம். மருத்துவமனையில் தங்கிய காலமும் சமம். சிறுநீரின் வேகம் மட்டும் பழைய முறையில் சற்று மேலாக இருந்தது.

லேசரால் நீங்காத விளைவுகளும் உண்டு. விந்து வெளிவராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் செல்வது இரு முறைகளிலும் சாதாரணம். சில வாரங்கள் எரிச்சலோ, சிறுநீர் கசிவோ இருக்கலாம். ஹோலெப் கற்பதற்குக் கடினமானது. ஒரு டாக்டர் பல பத்து நோயாளிகளுக்குச் செய்த பின்னரே கை பழகும். ஆகவே கருவி எது என்பதைவிட, அதைப் பிடித்திருக்கும் கை எத்தகையது என்பதே முக்கியம்.

செலவும் உதவியும்

விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் கர்நாடக அரசைச் சேர்ந்த சிறுநீரக, சிறுநீரியல் நிலையம் இயங்குகிறது. ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் அம்மாநிலத்தின் ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். பிற மாநிலத்தவர் தங்கள் மாநிலக் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா, எந்த அறுவைச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதைப் புறப்படுமுன் கேட்டறிதல் நலம்.

ஊழியர் கவனிக்க வேண்டியவை

சிறுநீர் அடைப்பு, சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், தானறியாமல் சொட்டுச் சொட்டாக ஒழுகுதல் ஆகியவற்றில் தாமதம் கூடாது. பை எப்போதும் நிரம்பியே இருந்தால், வலியில்லாமலே சிறுநீரகம் கெட்டுப்போகும். கடையில் வாங்கும் சில சளி மாத்திரைகள் திடீர் அடைப்பை உண்டாக்கும் என்பதையும் முதியோருக்குச் சொல்ல வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்கு இசையுமுன் நோயாளி டாக்டரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம்: சுரப்பியின் அளவு எவ்வளவு? மாத்திரை போதாதா? இம்முறையைத் தாங்கள் எத்தனை பேருக்குச் செய்துள்ளீர்கள்? மொத்தச் செலவு என்ன? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தபின் முடிவு செய்பவர், லேசரைத் தேர்ந்தாலும் பழைய முறையைத் தேர்ந்தாலும், விளம்பரத்தை நம்பி ஏமாறமாட்டார். வீணாகக் கடன்படவும் மாட்டார்.