கோரை வெறும் களைதானா?



வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதல்ல என்ன செய்வோம்? பாயை விரித்து, "உட்காருங்க" என்போம். நம்ம குழுக் கூட்டமும் பாயில்தான் நடக்குது. அந்தப் பாய் கோரையில் நெய்தது. அதே கோரை ஏரியில் நின்றால் மட்டும், "களை மண்டிக் கிடக்கு, வழிச்சுப் போடுங்க" என்கிறோம். இது சரியா? வாங்க, கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

கோரை எது, புல் எது?

பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்க. புல் வழவழவென்று உருளும். பெரும்பாலான கோரைகள் உருளாது. மூன்று பட்டையாகத் தட்டும். புல் தண்டில் கணு உண்டு. கோரைத் தண்டில் கணு கிடையாது. உள்ளே பஞ்சு போல நிறைந்திருக்கும். இதனால்தான் அதைக் கீறிப் பாய் நெய்ய முடிகிறது.

கோரையில் பல வகை. வயலில் நம்மைப் பாடாய்ப் படுத்தும் கோரைக்கிழங்கு ஒரு வகை. நாட்டு மருந்துக் கடையிலும் குளியல் பொடியிலும் சேருவது இதுதான். ஆற்றோரத்திலும் ஏரிச் சேற்றிலும் உயரமாக வளரும் பாய்க்கோரை வேறு வகை. வயலுக்குக் களையாக இருப்பதை வைத்து ஏரிக் கோரையையும் களை என்று சொல்லிவிடக் கூடாது.

சேற்றுக்குள் மூச்சு

நெல் தவிர மற்றப் பயிரில் நாலு நாள் தண்ணீர் நின்றால் என்ன ஆகும்? வேர் அழுகிவிடும். சேற்றில் காற்று இல்லாததுதான் காரணம். கோரை மட்டும் எப்படி வருஷம் முழுக்கச் சேற்றில் நிற்கிறது? அதன் தண்டுக்குள் சின்னச் சின்னக் காற்றறைகள் உண்டு. மேலே இழுத்த காற்று அந்த வழியாக வேர் வரை இறங்கும். வேரிலிருந்து கொஞ்சம் காற்று சேற்றுக்குள்ளும் கசியும். அந்தக் காற்றை நம்பி வேரைச் சுற்றிக் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் வாழும். தண்ணீரில் வரும் அழுக்கை அவை சிதைத்துவிடும். சிதைந்ததில் உள்ள சத்தைக் கோரை எடுத்துக்கொள்ளும். கூலி கேட்காமல் தண்ணீரைச் சுத்தம் செய்கிற வேலை இது!

இன்னும் என்னென்ன வேலை?

மழை வெள்ளம் வேகமாக வரும்போது கோரைக் கூட்டம் அதைத் தடுத்து மெதுவாக்கும். வேகம் குறைந்தால் வண்டல் அங்கேயே படியும். மண்ணுக்கடியில் பாய் பின்னினது போல ஓடும் அதன் கிழங்குவேர், கரை மண் கரையாமல் பிடித்து வைக்கும்.

கோரைக்குள் நீலத் தாழைக்கோழி கூடு கட்டும். மீன் குஞ்சும் தவளையும் பெரிய மீன்களிடமிருந்து ஒளிந்து வளரும். தட்டான் பூச்சியின் குஞ்சு தண்ணீருக்குள் இருந்து கொசுப்புழுவைத் தின்னும். கோரை போனால் இவை எல்லாம் போகும். கொசு மட்டும் நம்மோடு இருக்கும்.

பள்ளிக்கரணை சொல்லும் பாடம்

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது. பழைய ஆட்கள் அதைக் கழுவெளி என்பார்கள். சுற்று வட்டார ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் அங்கேதான் சேரும். கோரையும் சம்பும் நிறைந்த இடம். ஆனால் 'சும்மா கிடக்கும் நிலம்' என்று நினைத்துக் குப்பையைக் கொட்டினார்கள், கட்டடங்கள் எழுந்தன. இன்று பழைய பரப்பில் மிஞ்சியிருப்பது சிறு பகுதிதான். 2015 டிசம்பர் பெருமழையில் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் தங்குகிற இடத்தை நாம் எடுத்துக்கொண்டால், தண்ணீர் நம்ம வீட்டுக்குள் வந்து தங்கும். 2007-ல் அதன் ஒரு பகுதி காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் பள்ளிக்கரணை சேர்ந்தது.

பெண்களின் கைத்தொழில்

திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் பெண்கள் நெய்யும் பாய் உலகப் பெயர் பெற்றது. கோரையை அறுத்து, கீறி, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போடுவார்கள். பிறகு நூல் போல மெல்லிசாகக் கிழித்து நெய்வார்கள். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையே நெய்து தருவார்கள். இந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் ஆற்றில் நல்ல தண்ணீரும் கரையில் நல்ல கோரையும் இல்லாவிட்டால் அந்தக் கைக்கு என்ன வேலை? ஒரு பக்கம் பிளாஸ்டிக் பாய் போட்டி. மறுபக்கம் மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடு என்றால் தொழில் தாங்காது.

அப்படியானால் கோரையைத் தொடவே கூடாதா?

அப்படி இல்லை. மதகு, வரத்துக்கால், கலங்கல் இவற்றை அடைக்கும் கோரையை எடுக்கத்தான் வேண்டும். எப்படி எடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

1. ஏரி வேலைக்குப் போகும்போது முழுக்க வழிக்காதீங்க. கரையோரம் ஒரு பட்டையாவது விட்டுவையுங்க.

2. வேரோடு பிடுங்காமல் தண்டை மட்டும் அறுத்தால் மறுபடி துளிர்க்கும்.

3. கூடு, முட்டை தெரிந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்க.

4. கோடையில் தீ வைக்காதீங்க.

5. முதலில் எடுக்க வேண்டியது ஆகாயத்தாமரை. அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. தண்ணீரை மூடி, வெயில் உள்ளே இறங்க விடாது.

6. சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கும் ஏரியில் கோரைக்கிழங்கை மருந்துக்கு எடுக்காதீங்க. நஞ்சும் கூடவே வரலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் வரவு செலவு முடிந்ததும் ஒரு பத்து நிமிஷம் இதைப் பேசுங்க. நம்ம ஏரியில் கோரை எந்தப் பக்கம் இருக்கு? பத்து வருஷத்துக்கு முன் எவ்வளவு இருந்தது? குழுவில் மூத்த அக்காக்களைக் கேளுங்க, அவங்களுக்குத் தெரியும். பேசினதைத் தீர்மான நோட்டில் எழுதி, கிராம சபையில் எடுத்து வையுங்க. ஏரியில் என்ன எடுக்கலாம், எதை விடலாம் என்பதை ஜேசிபி வருவதற்கு முன்னாலேயே நாம் சொல்லிவிட வேண்டும்.