வெளுத்துப்போன வாசற்கதவு: மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடம்!

லண்டனின் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று நம்மவர்கள் நிறைந்து வாழும் பகுதிகளில், வரிசை வீடுகளின் வாசல்களைப் பார்த்தால் ஒரு காலமாற்றம் தெரியும். மரக்கதவு இருந்த இடங்களில், 1980களிலிருந்து யூபிவிசி எனும் பிளாஸ்டிக் கதவுகள் வந்து அமர்ந்தன. மழையில் ஊறாது, பெயின்ட் அடிக்க வேண்டாம், துடைத்தாலே போதும் என்பதால் விரும்பி வாங்கினார்கள். இன்று அவற்றில் பல வெளிறி நிற்கின்றன. வெள்ளைக் கதவு பழுப்பேறியிருக்கிறது. பச்சையும் சிவப்பும் சாம்பல் பூத்திருக்கின்றன.

‘பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம்’ என்றுதான் உடனே தோன்றும். பூட்டும் கீலும் ஒழுங்காக இயங்கி, கதவு நிலையில் கச்சிதமாகப் பொருந்துகிறது என்றால் அது அவசர முடிவு. கெட்டிருப்பது பெரும்பாலும் மேல்தோல் மட்டுமே.

வெயில் செய்யும் வேலை

யூபிவிசிக்கு அடிப்படையான பிவிசிக்கும் வெயிலுக்கும் பழைய உறவு உண்டு. 1872-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஆய்கன் பவ்மன், வெயில் பட்ட குடுவைக்குள் வைனைல் குளோரைடு வாயு வெள்ளைத் திடப்பொருளாக மாறியிருப்பதைக் கண்டார். அதுதான் பிவிசி. அதே வெயில் அதைச் சிதைக்கவும் செய்கிறது. பிவிசியின் எடையில் சுமார் 57 சதவிகிதம் குளோரின். புற ஊதாக் கதிர் படப்பட, குளோரின் ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறுகிறது. மிஞ்சும் கார்பன் சங்கிலியின் அமைப்பு மாறி, மஞ்சள் நிறம் காட்டுகிறது.

இதைத் தடுக்கத்தான் டைட்டானியம் டையாக்சைடைக் கலக்கிறார்கள். அது கதிர்களை உள்ளே விடாமல் மேலேயே நிறுத்திவிடும். ஆனால், அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் அரித்துப்போக, வெள்ளைப் பொடி வெளியே வருகிறது. பாதிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தோடு நின்றுவிடுகிறது என்பதுதான் நமக்குச் சாதகமான செய்தி.

மூன்று சோதனைகள்

தபால் போடும் துவாரத்தின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தில் கதவின் பழைய நிறம் அப்படியே இருக்கும். எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும். அடுத்து, கதவில் விரலைத் தேயுங்கள். சுண்ணாம்புபோல் ஒட்டினால் மேல்பரப்பு பொடிந்திருக்கிறது. கடைசியாக, ஈரத்துணியால் ஒரு சாண் இடத்தைத் துடையுங்கள். ஈரம் இருக்கும்வரை நிறம் திரும்பித் தெரிந்தால், நன்றாகக் கழுவி, யூபிவிசிக்கென விற்கும் நிறமீட்புத் திரவத்தைப் பூசினாலே போதும். ஈரத்திலும் வெளுப்பு மாறவில்லை என்றால் பெயின்ட்தான் வழி. மேலே ஒட்டிய மரவரித் தாள் உரிந்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் பெயின்ட் அடித்துப் பயனில்லை.

செய்யவே கூடாதவை

தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். இரும்பு நார் கீறிவிடும். எண்ணெய் தடவினால் பளபளப்பு வரும். ஆனால் அது சில மழையில் போய்விடும்; எஞ்சும் எண்ணெய், பிறகு அடிக்கும் பெயின்ட்டையும் ஒட்டவிடாது. கார் பம்பருக்குச் செய்வதுபோல் வெப்பக்காற்று காட்டுவது பேராபத்து. 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே யூபிவிசி இளகத் தொடங்கிவிடும்.

பெயின்ட் அடிக்கும் முறை

முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கதவைக் கழுவுங்கள். அடியில் உள்ள நீர் வடியும் துளைகளில் அழுக்கு அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும், ஈரத்தோடு மட்டும். காரணம், ஐரோப்பாவில் புது பிவிசியில் ஈயக் கலவை சேர்ப்பதை 2015-க்குள்தான் தொழில்துறை கைவிட்டது. பழைய கதவின் தூசியில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளைத் தள்ளியிருக்கச் சொல்லுங்கள்.

காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கண்ணாடி, பூட்டு, ரப்பர் பீடிங் மீது மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிளாஸ்டிக்கில் பிடிக்கும் பிரைமர், அதன்மேல் யூபிவிசிக்கு ஏற்ற பெயின்ட் மெல்லிசாக இரண்டு கோட். நேர் வெயிலும் மழையும் இல்லாத, 10 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள நாளாக இருக்கட்டும். காய்வதற்குள் கதவைச் சாத்தினால் பீடிங்கில் ஒட்டிக்கொள்ளும்.

நிறத்திலும் நிதானம் தேவை. 2 மீட்டர் உயரக் கதவு, 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளக்கூடும். கறுப்பும் கருநீலமும் வெப்பத்தை அதிகம் வாங்குவதால் கதவு வளைந்து பூட்டு சிக்கும். தெற்கு பார்த்த வாசலுக்கு வெளிர் நிறமே நல்லது.

மஞ்சளும் தோரணமும்

கதவில் மஞ்சள் கறை பட்டால் அழுத்தித் தேய்க்காதீர்கள். சோப்பால் துடைத்து விட்டுவிடுங்கள். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினை வெயிலே வெளுத்துவிடும். தோரணம் கட்ட ஆணி அடித்தால் உள்ளறைகளுக்குள் தண்ணீர் இறங்கும். ஒட்டும் கொக்கி போதுமானது.

ஒரு கதவைத் தூக்கி எறியும்போது பிளாஸ்டிக்கோடு உள்ளே இருக்கும் எஃகுச் சட்டமும், கண்ணாடியும், வேலை செய்கிற பூட்டும் சேர்ந்தே போகின்றன. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தோல் வெளுத்ததற்காக இத்தனையையும் இழக்க வேண்டியதில்லை. ஒரு வார இறுதி உழைப்பும், ஒரு டின் பெயின்ட்டும், அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரும் போதும். அந்தக் கதவு இன்னும் பல வருடங்கள் உங்கள் வாசலைக் காக்கும்.